வாசலில் நின்று பார்த்த கட்டில்

ஜூன் 2, செவ்வாய்

இன்று கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு அம்மா, எழுத்துப் பலகையின் மேல் வரியைக்கூடப் படிக்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "பலகை எங்க இருக்குன்னாவது தெரியுதாம்மா?" என்றேன். "அதெல்லாம் தெரியுது தம்பி, நீ யாருன்னுதான் தெரியல" என்றார். தம்பி! இருப்பதிலேயே நல்ல பிரேமாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஐம்பத்து நாலு வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் கிடைப்பது லேசா?

அந்தச் சந்தோஷம் மாலை வரைதான். போதகர் கடைக்கு வந்தார். சபையில் படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்க ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுக்கிறாராம். எனக்குக் 'கடைசி பெஞ்சு' விழுந்திருக்கிறார். பெயர் நான் வைத்தது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் ஆலயத்தின் கடைசி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடித்த கையோடு மாயமாகிவிடுவார். மனைவி தவறிப்போய் வெகுகாலம் ஆகிறது, ஒரே மகள் ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில். இப்போது இருதயம் தகராறு செய்கிறது. ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

"நீங்க போனா நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கப் பேசுவீங்க, அவருக்கும் தெம்பா இருக்கும்" என்றார் போதகர். சபைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் கோமாளித்தனம் பண்ணுகிறவனுக்கு வந்த தண்டனை.

ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே என் கால் வாசல் பக்கம் திரும்பிவிடும். யாருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பவளுக்குத் தெரியும். அவளுக்கு எதுதான் தெரியாது?

ஜூன் 4, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேன்டீன் வரைக்கும். காபி பரவாயில்லை. போதகருக்கு போன் போட்டு, "பார்த்துட்டேன் பாஸ்டர், நல்லா தெம்பா இருக்கார்" என்றேன். காபி என்னைத் தெம்பாக்கியது, அந்த வகையில் பாதி உண்மை.

ஜூன் 6, சனி

இன்று மாடி ஏறிவிட்டேன். வார்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன். உள்ளே கால் வைக்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். ஒரு அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

எழுதக் கை கூசுகிறது. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. பரீட்சை தள்ளிப்போன பையனுக்கு வருமே ஒரு குதூகலம், அது.

படியிறங்கும்போதே போதகரைக் கூப்பிட்டேன். "பாஸ்டர், பெரியவர் போயிட்டார்."

"ஐயோ! எப்போ? நீங்க கூட இருந்தீங்களா?"

"இப்பத்தான்" என்றேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில். அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, அது என் பொறுப்பில்லை என்று அப்போது தோன்றியது.

பொழுது சாய்வதற்குள் ஆலயத்தில் துக்க மணி அடித்தது. சபையின் வாட்ஸப் குழு முழுக்கக் கும்பிடும் கைகள். சற்று நேரத்தில் அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்கதான் கடைசியா பார்த்தீங்கன்னு பாஸ்டர் சொன்னார். அப்பா போன் ஆஃப்ல இருக்கு. நான் ரயில் ஏறிட்டேன். நான் வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும்னு பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "இல்லம்மா. தூங்குற மாதிரிதான் இருந்துச்சு. முகத்துல அப்படி ஒரு அமைதி."

அந்தப் பக்கம் அழுகை கொஞ்சம் தணிந்தது. நல்லதுதானே செய்தேன்? ஆறுதல்தானே?

சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

ஆராதனையில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். "சகோதரரைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம்" என்றார் போதகர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சபை மூப்பர் ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் செருப்பைப் பார்த்தார். இத்தனை வருஷம் நம்மோடு உட்கார்ந்தவரைப் பற்றி ஒரு கதைகூட யாரிடமும் இல்லை. கடைசியில் என்னைத்தான் பார்த்தார்கள். எழுந்தேன். "அமைதியானவர். பஸ் கிளம்புறதுக்கு விசில் ஊதினதைத் தவிர அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை" என்றேன். லேசாகச் சிரிப்பு எழுந்தது. எனக்கு அது போதும், எந்த வீட்டுத் துக்கத்திலும் எனக்கு அது போதும்.

வாசலுக்கு வந்தால் போன். மகள். ரயிலிலிருந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

"அண்ணா" என்றார். பிறகு, "அப்பா டீயில பிஸ்கட் தோய்ச்சு சாப்பிட்டுட்டு இருக்காங்க."

வெள்ளிக்கிழமை மழையில் ஜன்னல் ஒழுகி மெத்தை நனைந்துவிட்டதாம். அவரை அடுத்த வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்த வார்டு! நான் நின்ற இடத்திலிருந்து தும்மினால் கேட்கிற தூரம்.

ஜூன் 8, திங்கள்

கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறான். "உயிரோட இருக்கீங்களா, இல்ல மணியடிக்கச் சொல்லட்டுமா?" எதிர்க்கடை டெய்லர் மட்டும் மூன்று தடவை வந்தான். ஊரை இத்தனை வருஷம் நான் கிண்டல் பண்ணியதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைக்கிறது.

போதகர் நல்ல மனிதர். "ஆஸ்பத்திரியில யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லியிருப்பாங்க, இல்லையா?" என்று அவரே ஒரு கதவைத் திறந்து வைத்தார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்கிற மாதிரியும் இல்லாமல், ஆமாம் என்கிற மாதிரியும் இல்லாமல். அப்படி ஆட்ட ஒரு திறமை வேண்டும்.

வீட்டில் இவள் கிண்டல் பண்ணவில்லை. தட்டை வைத்தாள். அப்புறம் மெதுவாக, "ஏங்க, உள்ள போனீங்களா இல்லையா?" என்றாள்.

நான் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

போதகர் போன். மகள் ஆஸ்பத்திரி மேலதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டாராம். உயிரோடு இருப்பவரை இறந்துவிட்டார் என்று பார்க்க வந்தவரிடம் சொன்ன நர்ஸ் யார் என்று விசாரிக்கிறார்களாம். சனிக்கிழமை பகல் டியூட்டியில் இருந்த சிஸ்டரை நாளைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த சிஸ்டர் யார்? நெட்டையா குட்டையா? எனக்குத் தெரியாது. அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தவன் நான். என் ஒரு தலையாட்டல் அவர் வேலையை எடுத்துவிடும்.

இரண்டு தரம் செருப்பைப் போட்டேன், இரண்டு தரம் கழற்றினேன்.

ஜூன் 10, புதன்

போனேன். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே இதையும் நகைச்சுவையாக மாற்றிவிடுவேன்.

தலைமை நர்ஸின் மேஜை. ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம் அந்த சிஸ்டர். என் வயதுதான் இருக்கும், கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். நான், "இவங்க ஒண்ணும் சொல்லல. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் யாரையும் கேட்கவே இல்ல. வாசல்லயே நின்னு கட்டிலைப் பார்த்தேன், காலியா இருந்துச்சு, போயிட்டேன்" என்றேன்.

தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "வாசல்ல இருந்து உள்ள வர்றதுக்கு உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?"

"பயம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை இதுவரை வெளியே சொன்னதில்லை. எவ்வளவு சின்ன வார்த்தை.

மகள் என்னைப் பார்த்தார். "அப்போ அந்த முகம்? அமைதியா இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"பார்க்கலம்மா."

"ரயில்ல அந்த முகத்தை நினைச்சு நினைச்சுத்தான் நான் உடைஞ்சு போகாம வந்தேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சிஸ்டர் எழுந்து, சுருட்டிய கைக்குட்டையைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார். நாலு பேர் கூடிச் செருப்பால் அடித்தாலும் இப்படி இருந்திருக்காது.

தப்பித்து ஓடலாம் என்று திரும்பினால், பக்கத்து வார்டிலிருந்து ஒரு குரல்: "யாரு, என்னைக் கொன்னவரா? உள்ள வரச் சொல்லு!"

உள்ளே போனேன். வேறு வழியில்லை, மகள் கதவருகே நின்றிருந்தார். கடைசி பெஞ்சு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டில் காலில் ஒரு மலர்வளையம் சாய்ந்திருந்தது. டிப்போ ஓய்வூதியர் சங்கம் அனுப்பியதாம். "தூக்கிப் போட மனசு வரல. உயிரோட இருந்தப்ப ஒரு பூ குடுத்ததில்ல, பாவிங்க" என்றார். பிறகு முகத்தை என் பக்கம் நீட்டினார். "பாருங்க. நல்லா கிட்ட வந்து பாருங்க. அமைதியா இருக்கா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கும்தான்.

"சரி, விடுங்க. ஆலயத்துல என்னைப் பத்தி என்ன பேசினாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: எல்லோரும் அழுதார்கள், மூப்பர் உங்கள் தாராளத்தைப் பற்றிப் பேசினார். விழுங்கினேன். "யாரும் எதுவும் பேசல ஐயா. நான்தான் 'அமைதியானவர்'னு சொன்னேன்."

"அப்புறம்?"

"விசில் பத்தி ஒரு ஜோக்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இந்த வயசு வரைக்கும் வாழ்ந்ததுக்கு ஒரு வார்த்தை" என்றார். "தப்பு உங்க மேல இல்ல. நான் குடுத்தாத்தானே நீங்க சொல்லுவீங்க? நாளைக்கு ஆண்டவர், 'உனக்கு ஒரு உயிரைக் குடுத்தேனே, என்ன பண்ணினே?'ன்னு கேட்டா, 'பத்திரமா மூடி வெச்சிருந்தேன் சாமி, ஒரு கீறல்கூட இல்ல'ன்னு திருப்பிக் குடுக்கணுமா? வெட்கமா இருக்காது?"

வெட்கப்படுவதற்கு அறையில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

ஆலயத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கேன்டீன் காபி உட்பட. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் பேசி ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வெளியே மணிக்காரர் வழிமறித்தார். ஆலயத்தைக் கூட்டி, விளக்கேற்றி, மணியடிக்கிறவர். கோபத்தில் மீசை துடித்தது. "உயிரோட இருக்கிற மனுசனுக்கு என் கையால துக்க மணி அடிக்க வெச்சிட்டீங்களே. இனி நீங்க வந்து சொன்னா இந்தக் கயித்தைத் தொட மாட்டேன். பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும்."

"நியாயம்தான்" என்றேன்.

ஜூன் 18, வியாழன்

பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் மகளிடம், இனி மருந்தால் ஆகப்போவது அதிகமில்லை, அவர் இஷ்டப்படி இருக்கட்டும் என்றாராம். மகள் விடுப்பை நீட்டித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறார். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு நான் போகிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. மகள் கதவைத் திறக்கிறார். "வாங்க" என்று சொல்வதில்லை.

ஜூன் 21, ஞாயிறு

கடைசி பெஞ்சு இன்று முதல் பெஞ்சில்! சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவன் நான். சபையே திரும்பிப் பார்த்தது. பாட்டு ஆரம்பித்ததும் தொண்டையைத் திறந்தார் பாருங்கள், ஆர்கன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நடுவில் பாடகர் குழு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவிக்கிறது. பாடகர் குழுத் தலைவி என்னைப் பார்த்து முறைத்தார், ஏதோ நான்தான் பாடின மாதிரி.

பாட்டு முடிந்து ஜெபத்துக்குக் குனிந்ததும், "ஐயா, சுருதி கொஞ்சம்..." என்று காதில் சொன்னேன்.

"தெரியும்யா. அதனாலதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல. அமைதியானவர்ங்கிற பேரைக் கெடுக்காம நான் சாகப்போறதில்ல" என்றார், ஜெபத்துக்கு நடுவில், சத்தமாக.

ஜூன் 27, சனி

பஸ் பயணம். அவர் ஆசை.

டிப்போவில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் விசில் ஊதி பஸ்களை அனுப்பியவர், கடைசி நிறுத்தம் வரைக்கும் ஒரு நாள்கூடப் போனதில்லையாம். "வீட்டுக்குப் போறப்ப பாதி வழியிலேயே இறங்கிடுவேன். மிச்ச பாதி எப்படி இருக்கும்னு யோசிச்சுட்டே படுப்பேன். மலை, ஏரி, என்னென்னவோ."

மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, முன் சீட்டு ஜன்னலோரத்தில் உட்கார வைத்தோம். சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஊதினார். டிரைவர் பாட்டுக்கு வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் ஓடிவந்து தொற்றிக்கொண்டு, "யாருய்யா விசில் ஊதினது?" என்றதற்கு, "டைம் ஆச்சு தம்பி, நீதான் லேட்டு" என்றார்.

கடைசி நிறுத்தம் வந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு டீக்கடை. பஸ் திரும்ப ஒரு வட்டம். வெயிலில் படுத்திருந்த நாய் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

பெரியவர் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "இதுக்கா இத்தனை பேரை அனுப்பினேன்?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மகளும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தொட்டி நிழலில் மூவரும் டீ குடித்தோம். திரும்பி வந்து இறங்கும்போது மகள், "நாளைக்கு வாங்கண்ணா" என்றார்.

ஜூலை 9, வியாழன்

போகவில்லை. நேற்று அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகு இன்று கால் வரவில்லை. கடையில் கணக்குப் பார்க்கணும் என்று போன் செய்தேன்.

ஜூலை 10, வெள்ளி

வாசலில் நுழைந்ததும் படுக்கையிலிருந்தே கேட்டார்: "நேத்து கேன்டீன் காபி எப்படி?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பயமா இருக்காய்யா?" என்றார்.

"ஆமா ஐயா."

"எனக்கும்தான். உயிர்த்தெழுதல் இருக்குன்னு நம்புறேன், சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை சாகணுமே, அங்கதான் இடிக்குது." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நேரம் வர்றப்ப வாசல்ல நின்னுடாதய்யா."

அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். சரி என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்வது எனக்கு எப்போதும் சுலபம்தானே.

ஜூலை 26, ஞாயிறு

சபைப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பஸ் பயணத்தை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. ஆனா ஏரி இருந்துச்சுன்னு எழுதாதே. தண்ணித் தொட்டின்னே எழுது."

ஆகஸ்ட் 12, புதன்

மகள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமென்று நேற்று ஊருக்குக் கிளம்பினார். இரண்டு நாளில் வந்துவிடுவார். அதுவரை பகலில் நான், இரவில் என் வீட்டுக்காரி. கடைக்கு 'விடுமுறை' பலகை மாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

மதியம் அவர் என் கையைப் பிடித்தார். மூச்சு முதலில் வேகமாக, பிறகு நடுவில் நீண்ட நீண்ட இடைவெளி. சாப்பாடு கொண்டுவந்த இவள் டாக்டருக்கும் மகளுக்கும் போன் செய்தாள். எழுந்து ஓடணும் போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கண் இரண்டு தடவை வாசலைத்தான் பார்த்தது. அவர் பிடி விடவில்லை. சின்ன வயதில் கற்ற ஜெபத்தைச் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் வாய் திறந்தபடி இருந்தது. ஒரு தடவை கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தார், அல்லது என் தோளுக்கு மேலே எதையோ. அப்புறம் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

மகள் ரயிலிலிருந்து கூப்பிட்டார். "பார்த்தீங்களாண்ணா?" என்றார்.

"பார்த்தேன்மா. கூடத்தான் இருந்தேன். கொஞ்சம் கஷ்டப்பட்டார். அமைதியா இருந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா என் கையை விடவே இல்ல."

அழுதார். வெகுநேரம். போனை வைக்கும் முன், "இதை நினைச்சுட்டு வர்றேன்" என்றார்.

ஆலயத்துக்கு நடந்துபோனேன். மணிக்காரர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். சொல்ல வாயெடுத்தேன். அவர் என் வலது கையைப் பார்த்தார். முன்கையில் பெரியவரின் விரல்கள் பிடித்த இடம் இன்னும் சிவந்திருந்தது. நகம் பதிந்த தடம்கூட மறையவில்லை.

அவர் உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்தார்.